இரண்டு கரையிலும் விருந்தாளி

சாட்சி சொல்ல வருகிறவன் சிரித்த முகமாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதா என் செபத்தைக் கேட்டாள். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. ஆனால் மனசில் கிடக்கிற கசப்பும் போகவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1955-ஆம் வருஷம், ஆவணி மாதம். சென்னையில் சிலோனுக்கு விசா கொடுக்கிற ஆபீசில் காலையிலிருந்து நின்று மத்தியானம் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே இருந்த அதிகாரி சிலோன் தமிழர். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு தெரிந்தது. நம்ம வேதக்காரர் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"மடு மாதா கோயிலுக்கு யாத்திரை எண்டு எழுதியிருக்கிறீர். போன தரமும் அதுதான். அதுக்கு முந்தின தரமும் அதுதான்."

"ஆமாங்க ஐயா."

"நல்லது. கோயில் முற்றத்தில என்ன மரம் நிக்குது, சொல்லும்."

குருட்டாம்போக்கில் ஆலமரம் என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீர் மடுவைக் கண்ணாலயும் காணேல்ல" என்று சொல்லி, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். என் மனைவியும் மகளும் அந்தக் கரையில். நான் இந்தக் கரையில்.

நான் ஆவூர்க்காரன். பெயர் சவரிமுத்து. மீசை முளைக்கும் முன்பே நம்ம பக்கத்து வியாபாரி ஒருவரோடு மன்னாருக்குப் போய் அவருடைய ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றேன். அங்கேதான் பிலோமினாவைக் கட்டினேன். அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள், சிலோன் பிரஜை. தாய் இல்லை. தகப்பனார் அந்தோனிப்பிள்ளை, அவள் வாயில் 'அப்பு', வள்ளம் கட்டுகிற ஆசாரி. எங்கள் கல்யாணம் முடிந்த மறுவருஷமே அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள். அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் சோறு ஊட்டவும் அவளை விட்டால் ஆள் கிடையாது.

கடை மூடியதும் எனக்கு இருந்த அனுமதியும் போயிற்று. நீ இந்தியன், வேலை இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். பெண்டாட்டி இருக்கிறாள் என்றேன். அப்படியானால் விருந்தாளியாக வந்து பார்த்துவிட்டுப் போ என்றார்கள்! அதிலிருந்து பிடித்தது இந்த ஓட்டம். மூன்று மாதம் விசா. அது முடிகிறபோது கொழும்புக்குப் போய், மாமனார் உடம்பைச் சொல்லிக் கெஞ்சி, இன்னும் கொஞ்ச நாள் வாங்குவேன். அதுவும் முடிந்தால் தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடி. அங்கிருந்து ரயிலில் புதுக்கோட்டை. ஊரில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, மறுபடி சென்னைக்கு அலைந்து, மறுபடி கப்பல்.

மனைவியோடு இருக்கப் போகிறேன் என்று எழுதினால் விசா வராது, அங்கேயே தங்கிவிடுவான் என்று நினைப்பார்கள். மடு யாத்திரை என்று எழுதினால் தடுக்க மாட்டார்கள் என்று கூட்டாளி ஒருவன் சொல்லிக் கொடுத்தான். அப்படியே எழுதினேன். மடு ரோடு வரைக்கும் டிக்கெட் எடுப்பேன், மன்னாரில் இறங்கிவிடுவேன். ஒருநாளாவது போய்வர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பதுண்டு. ஆனால் கூரை வேய வேண்டும், மாமாவைக் குளிப்பாட்ட வேண்டும், குழந்தை மடியை விட்டு இறங்க மாட்டாள். கொடுத்த நாளில் ஒரு நாளைக்கூட மாதாவுக்கு என்று தனியாக எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊரில் நடந்த கூத்து வேறு. வருஷம் தவறாமல் மடுவுக்குப் போகிற பெரிய பக்தன் என்று என்னைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. செபமாலைக்கு என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். மடு மண் விஷக்கடிக்கு நல்லது என்பார்கள். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, அதைக் கேட்டு நச்சரிப்பாள்.

"அம்புட்டுத் தூரம் போறீக, ஒரு பிடி மண்ணு அள்ளியார முடியாதா தம்பி?"

"கஸ்டம்ஸ்ல விடமாட்டாங்க மதினி."

அண்ணன் சூசை வாயில் விஷம் அதிகம். சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "விருந்தாளி வந்திருக்காரு, எலையப் போடு. எத்தன மாசம் இங்கிட்டுன்னு கேட்டுக்க." தட்டில் சாப்பிடுகிற வீட்டில் எனக்கு மட்டும் இலை விழும். அங்கே மாமனார் வீட்டில் விருந்தாளி. இங்கே பிறந்த வீட்டில் விருந்தாளி.

சென்னையில் விரட்டிவிட்ட பிறகு மேலும் இரண்டு தடவை எழுதிப் போட்டேன். இரண்டும் திரும்பி வந்தன. அடுத்த மாசியில் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஆத்திரத்தில் கோட்டைப்பட்டினம் போய், வள்ளத்தில் கொண்டுபோய் விடுவீர்களா என்று விசாரித்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொண்டு போயி விடுறது பெரிசில்ல தம்பி. பிடிச்சாங்கன்னா அப்புறம் கப்பல்லயும் போக முடியாது, வள்ளத்துலயும் போக முடியாது. புள்ளைகள நெனச்சுக்கங்க."

திரும்பி வந்தேன். வந்த வேகத்தில் கோவிலுக்குப் போய் மாதா முன்னால் முழங்கால் போட்டேன். செபம் என்றா சொல்வது அதை? சண்டை போட்டேன். "உன் பேரைச் சொல்லித்தான் போனேன். உன்னைப் பார்க்கப் போகவில்லை, வாஸ்தவம்தான். என் பிள்ளையைப் பார்க்கப் போனேன். நீயும் பிள்ளை பெற்றவள்தானே, அதற்கு இவ்வளவு தண்டனையா? விசா கொடு, இல்லாவிட்டால் வேறு வழியில் எங்களை ஒரு கூரைக்குள் சேர்த்து வை" என்று அழுதேன். அன்று முதல் ஒருநாள் பூசை தவறவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

1957 சித்திரையில் தந்தி வந்தது. வியாழக்கிழமை தனுஷ்கோடிக்கு வரவும் என்று மட்டும் இருந்தது. பிலோமினா பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். கப்பலிலிருந்து அவள் இறங்கினாள். இடுப்பில் நான் பார்க்காத மகள். கையைப் பிடித்துக்கொண்டு பெரியவள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு போர்ட்டர்கள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் என் மாமனார்.

"உமக்கு விசா இல்லையெண்டாங்கள். எனக்குக் குடுத்தாங்கள்" என்றார், கோணிய வாயால். "வாதக்காரன் அங்க போய் ஆரின்ரை வேலையைப் பறிக்கப் போறான்?"

"வீடு என்ன மாமா ஆச்சு?"

"வித்தாச்சு. பிள்ளையள் தகப்பன் இல்லாமல் வளருதுகள். நான் அங்க கிடந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?"

நான் அந்தத் துறையிலேயே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு கால் நன்றாக இருக்கிற எத்தனையோ பேரிடம் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் அசையவில்லை. எழுந்து நிற்க முடியாத மனிதர் கடல் தாண்டி வந்தார். மாதா செய்த புதுமை இது இல்லாமல் வேறு எது?

பிலோமினா மட்டும் அழவில்லை. ரயில் பாம்பன் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆவூரில் ஒரு சின்ன வீடு பிடித்துக் குடியேறினோம். என் மனைவி என்பதால் அவள் இங்கேயே இருக்க வழி கிடைத்தது. மாமாவின் நிலைமை அப்படி இல்லை. அவர் சிலோன்காரர், வந்துபோக வந்தவர். தவணை முடிகிறபோதெல்லாம் நான் புதுக்கோட்டைக்குப் போய், ஆளை அசைக்க முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி நீட்டித்து வாங்குவேன். என்ன காரணத்துக்காகத் தங்குகிறார் என்று கேட்பார்கள். மகளோடு இருக்க என்று நிஜத்தையே சொன்னேன். இனிமேல் எந்த ஜன்னலிலும் மாதா பெயரைச் சாக்குச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

அவருக்கு நம்ம ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் உப்பில்லை என்பார். காற்றில் வாசமே இல்லை என்பார். மரத்தைப் பார்த்தால் வள்ளத்துக்கு ஆகுமா என்று கேட்பார். இரண்டாவது வருஷம் மார்கழியில், சாமியார் கையால் அவஸ்தைப் பூசுதல் வாங்கிக்கொண்டு அமைதியாகக் கண்ணை மூடினார். எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன் சூசைதான். "இங்கிட்டே வைங்க. நம்ம வீட்டு ஆளுதான்" என்று சொல்லி, முதல் மண்ணையும் அவரே வெட்டினார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

சகோதரர்களே, விசாவுக்கும் பர்மிட்டுக்கும் அலைந்து வீடு பிரிந்து கிடக்கிறவர்கள் நம்ம பக்கத்தில் இன்னும் எத்தனையோ பேர். பர்மாவில் பாதி, சிலோனில் பாதி, மலேயாவில் பாதி. மனசை விடாதீர்கள். மாதாவிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். நான் கேட்டேன், கிடைத்தது. இன்றைக்கு என் பிள்ளைகள் இரண்டு பக்கமும் படுத்துத் தூங்குகிறார்கள். அதற்காகச் சாகிற வரைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

கோவிலுக்கு வரும்போது என் மனைவியையும் இந்தச் சாட்சியைச் சொல்லச் சொல்லாதீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் நானே எழுதினேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவளிடம் கேட்டேன், நான் இங்கே மன்றாடிக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷமும் அவள் அங்கே என்ன வேண்டிக்கொண்டாள் என்று. அவளும் தினம் மாதாவிடம்தான் போயிருக்கிறாள்.

"அப்பு தன்ரை வீட்டில, தன்ரை கட்டில்லயே கண்ணை மூட வேணும் எண்டு கேட்டனான்" என்றாள்.