இரண்டு மணிச் சங்கு

நேற்று சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டிக்காரரிடம் அரைக் கிலோ தக்காளி வாங்கினேன். ஒரு பழத்தில் பச்சைக் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கிள்ளி முகர்ந்தேன். செடியின் அந்தக் காரமான வாசனை விரலில் ஏறியதும் எங்கேயோ போய்விட்டேன், பஸ்ஸும் போய்விட்டது. உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா? எனக்கு அடிக்கடி ஆகிறது, வீட்டில் திட்டும் கிடைக்கிறது.

வாசனை கொண்டுபோய் விட்ட இடம் என் முதல் வேலை. இதே பஸ் ஸ்டாப்புக்கு எதிரில், டீக்கடை மாடியில் ஓர் ஏஜென்சி இருந்தது. கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டுப் பண்ணைகளுக்குப் பழம் பறிக்க ஆள் அனுப்புவோம். ஆறு மாத விசா. சீசன் முடிந்தால் திரும்பிவிட வேண்டும். ஒழுங்காக வேலை செய்தவர்களை அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். ஆளுக்குப் பறிக்கத் தெரிகிறதா என்று வயலில் வைத்துப் பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பார்த்து மார்க் போடுகிறவன் நான். ஒரகடத்து விவசாயக் குடும்பம் என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினேன். எனக்கு விவரம் தெரிவதற்குள் எங்கள் நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது, நான் ஒரு தக்காளிகூடப் பறித்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தேர்வு நடந்த வயல் படப்பை போகிற வழியில், கஸ்தூரி அக்காவுடையது. ஒரு பெரிய கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தக்காளி போட்டிருந்தார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பறிக்க வேண்டும். அந்த வெயிலில் எவன் தேர்வு வைப்பான் என்று கேட்பீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வர வேண்டியவர்கள். தெற்கத்திப் பிள்ளைகள், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் காண்ட்ராக்டில் இருந்தவர்கள்.

முதல் நாள் பதினோரு பேர். நன்றாகத்தான் பறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. பதினோரு பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். எழுந்தார்கள். வரப்பில் வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டார்கள். கம்பெனி கேட்டில் தினமும் உடம்பைத் தடவிப் பார்த்துத்தானே வெளியே விடுவார்கள்.

கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது, இப்போ நானா இவங்கள தடவிப் பாக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வரிசையில் முதலில் நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. முத்துமாரி, தென்காசிப் பக்கம், ஆறு வருடமாக ஒரே லைனில் நின்றவள். நான் பேனாவை எடுத்து, 'வேலை நடுவில் நிறுத்தினார்' என்று பதினோரு பேருக்கும் எழுதிவிட்டேன். தக்காளி பறிக்காத கைக்கு எழுதுவது சுலபம்.

மறுநாள் மாடிப்படி ஏறி வந்தாள்.

"நானா நிறுத்தலண்ணே. சங்கு ஊதுனா கை தானா நின்னுருது."

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதோடு சரி என்றேன். அவளுடைய காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். ஊரில் தாய்மாமனுக்கு அவளைப் பேசி முடித்து வைத்திருந்தார்கள்.

"ஊருக்குப் போனா கட்டி வச்சிருவாவ. நான் போவ மாட்டேன். எப்ப வரணும், அத மட்டும் சொல்லுங்க."

கெஞ்சவில்லை. வருகிற ஞாயிறு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, பேசாமல் பறிக்க ஆரம்பித்தாள். இரண்டு மணி நெருங்கியது. வாட்சைப் பார்க்கிறேன், அவளைப் பார்க்கிறேன். சங்கு ஊதியது. அந்த முறை வந்தவர்களில் நான்கு பேர் எழுந்து கையைத் தூக்கினார்கள். அவள் தலைகூட நிமிரவில்லை. மூன்று மணிக்கு விசில் அடித்தேன். அதற்கும் நிமிரவில்லை. மறுபடியும் அடித்தேன். பெட்டி நிறைந்து, அடுத்த பெட்டியை இழுத்து வைத்துப் பறித்துக்கொண்டே போகிறாள்.

"நிறுத்துப்பா அந்தப் பொண்ண," என்றார் கஸ்தூரி அக்கா. "வுட்டா நாளன்னிக்கிப் பழுக்கறதையும் சேத்துப் பறிச்சிடும்."

ஓடிப்போய் எதிரில் நின்றேன். அவள் துண்டை விலக்கி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள்.

"ரெண்டு மணி ஆயிருச்சாண்ணே?"

"எப்பவோ ஆயிடுச்சி. மணி இப்போ மூணு."

அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துடைத்த கையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. அன்றைக்கு அவளுக்கு மார்க் போட எனக்கு வெட்கமாக இருந்தது. போட்டேன், முழுசாக.

அடுத்த மாதம் விமானம் ஏறினாள். முதல் வாரமே போன். "இங்க சங்கே கெடையாதுண்ணே. ஆனா சாயங்காலம் தோட்டத்த விட்டு வெளிய வரையில கையத் தூக்கிட்டு நின்னுட்டேன். அந்த முதலாளியம்மா பயந்துபோயி, தோள் வலிக்கான்னு கேட்டாவ."

கஸ்தூரி அக்காவின் வயலில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அவர் மகள் வீட்டோடு தண்டலம் போய்விட்டார். ஏஜென்சி இருந்த மாடியில் செல்போன் சர்வீஸ் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதுவதையும் நிறுத்திவிட்டார்கள். கார்டைத் தட்டிவிட்டுப் போகலாம். கேட்டில் கையைத் தூக்கி நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

முத்துமாரி வருடா வருடம் போகிறாள், திரும்பி வந்ததும் எனக்கு ஒரு போன் போடுவாள். போன தடவை சும்மா கிண்டலுக்குக் கேட்டேன், இன்னும் கையைத் தூக்குகிறாயா என்று.

கொஞ்சம் யோசித்தாள். "இல்லண்ணே," என்றாள். "எப்ப விட்டுச்சுன்னே தெரியல."