கலங்கலாக இருந்த பனிக்குட நீர்

பனிக்குட நீர் எங்கள் ஆய்வகத்துக்கு இப்போதெல்லாம் அபூர்வமாகத்தான் வரும். ஜெர்மனியில் இந்த ஹாம்பர்க் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் மாதிரி அது. ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்தில் நான் மட்டும்.

குழந்தையின் நுரையீரல் முதிர்ந்தால் அதிலிருந்து நுண்ணிய கொழுப்புத் துகள்கள் அந்த நீரில் கலக்கும். ரத்தத் தட்டணுக்களை எண்ணும் இயந்திரமே அவற்றையும் எண்ணிவிடும். பாதியை ஒதுக்கிவைத்து, மீதியை இயந்திரத்தில் கொடுத்தேன். எண்ணிக்கை மிகக் குறைவு; நுரையீரல் இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம். பிரசவ வார்டு மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்படியென்றால் பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்" என்றார்.

காபி இயந்திரத்தின் அருகில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். "கண்ணு, இன்னிக்கு எத்தனை பேருக்கு ஊசி போட்ட?" என்றாள். வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என் வேலையை அங்கே யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

"தம்பி தமிழோ?" பக்கத்தில் ஒருவர், இலங்கைத் தமிழர். "என்ர மனிசி பிள்ளைத்தாச்சி, சீனி வருத்தம். பிள்ளைக்கு நெஞ்சு முத்திட்டுதோ எண்டு பாக்கத் தண்ணி எடுத்தவை. நான் பக்கத்திலதான் நிண்டனான். பால் விட்டமாதிரிக் கலங்கலாக் கிடந்தது. அது பயமோ, தம்பி?"

"டாக்டர் சொல்லுவாங்கண்ணா." நான் இயந்திரத்தில் கொடுத்தது தெளிந்த நீர்.

ரத்த மாதிரிக் குழாய்களைப் பெரும்பாலும் முதலில் சுழலியில் வைத்து, வேகமாகச் சுற்றித் தெளியவைத்தே பழகிய கை. இயந்திரத்தில் கொடுத்த பாதியையும் அப்படியே சுழற்றிவிட்டிருந்தேன். எண்ண வேண்டிய துகள்கள் அடியில் படிந்து கிடந்தன.

ஓடினேன். ஒதுக்கிய பாதியை மெல்லக் கவிழ்த்துக் கலந்து எண்ணினேன். எண்ணிக்கை நன்றாக ஏறியிருந்தது. மருத்துவரைக் கூப்பிட்டு, "முதல் முடிவு தவறு. தவறு என்னுடையது" என்றேன். அந்த ஜெர்மன் வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன். "சரி. எழுதி அனுப்புங்கள்" என்றார்.

தவறுகளுக்கென்று ஒரு படிவம் உண்டு. நிரப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இது பெரிய தவறா, சின்னதா என்று கேட்க ஒருவரும் இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த இலங்கை அண்ணன் வாசலில் நின்றார். "தம்பி! நாளைக்கே பிள்ளையை எடுக்கினமாம். முதல்ல ஏலாது எண்டவை, பிறகு ஓம் எண்டிட்டினம். டாக்டர்மாரும் குழம்புவினம் போல!" என்று சிரித்தார்.

குழம்பியது நான்தான் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. "சந்தோஷம்ணா" என்றேன். அவர் யாரையோ போனில் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.