முப்பதுக்குப் பின்னால் ஓர் எழுத்து

நெய்வேலிக்கு மருமகளாக வந்த பிறகும் நான் சென்னைக் கம்பெனி வேலையை விடவில்லை. 2014 வாக்கில், குவார்ட்டர்ஸின் பின்னறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் கோடைப் படித்துக் குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். பிறவிக் குணத்துக்கெல்லாமா சம்பளம் தருவார்கள் என்று மாமியாருக்குத் தீராத ஆச்சரியம்.

ஒரு நாள் வந்தது கெர்னலின் ஒரு சின்னத் துண்டு. கணினியை ஆன் செய்ததும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்புகிற நிரல்தான் கெர்னல். எழும்போதே அதற்கு ஒரு வரியில் சில கட்டளைகளைக் கொடுக்கலாம். எங்கள் கம்பெனி செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி வடக்கே சில சுரங்கங்களில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டுவது. பெட்டியின் கணினி உறைந்துபோனால் இத்தனை வினாடியில் பெல்ட்டை நிறுத்துவதற்கு உள்ளே ஒரு காவல் கடிகாரம் உண்டு. அந்த வினாடியைத்தான் சுரங்கத்து ஆட்கள் அந்த வரியில் எழுதுவார்கள். எழுதியதை எண்ணாக மாற்ற முடியாவிட்டால் 'பிழை' என்று ஒரு பதில் வரும். கோடு எழுதியவர் அந்தப் பதிலை வாங்கிப் பார்க்கவே இல்லை. அப்போது மதிப்பு பூஜ்யமாகவே நின்றுவிடும். பூஜ்யம் என்றால் காவல் வேண்டாம் என்று அர்த்தம். திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது.

எழுதியவர் எங்கள் டீம் லீட். ஃபோனில் சொன்னதும் சிரித்தார்.

"மேடம், வெறும் நம்பர் மட்டும் போடுங்கன்னு மேனுவல்ல தெளிவா இருக்கு. வேற எதை யாரு அடிக்கப் போறாங்க? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சீக்கிரம் ஓகே சொல்லுங்க, நாளைக்குப் பெட்டி லாரி ஏறுது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கணவர் ஷிஃப்டுக்குப் போயிருக்கும்போது குக்கர் விசிலடித்தாலே மைன்ஸ் அபாயச் சங்கு என்று எழுந்து நிற்பவள் நான். இது நிஜமான பயமா, என் வழக்கமான பயமா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

கணவர் பெல்ட் செக்‌ஷனில் பெர்மனென்ட். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, மோர் டம்ளரோடு உட்கார்ந்தவர் முன்னால் லேப்டாப்பைத் திருப்பினேன். மேனுவலையும் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"முப்பது வினாடின்னு இங்க போடுங்க."

மேனுவலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் மூன்றை அடித்தார், பூஜ்யத்தை அடித்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விரல் நிற்கவில்லை. தேடிப்போய் 'எஸ்' என்ற எழுத்தையும் ஒட்டி அடித்தது.

"அது எதுக்குங்க?"

"செகண்டுக்குத்தான். வெறும் முப்பதுன்னா இன்னா அர்த்தம்? நிமிசமா, மீட்டரா? யூனிட் போடாம எழுதுனா எங்க ஃபோர்மேன் கிழிச்சிடுவாரு. பெல்ட்டுல வேலை பாக்கறவன் எவனைக் கேட்டாலும் இப்படித்தான் எழுதுவான்."

மேசையில் இருந்த சோதனைப் பெட்டியை அதே வரியோடு எழுப்பினேன். சமர்த்தாக எழுந்தது. எழுத்து ஒட்டியிருந்ததால் எண்ணாக மாறவில்லை. காவல், பூஜ்யம். வேலையை ஒழுங்காகப் பழகியவன்தான் இதில் மாட்டுவான் என்று அப்போதுதான் உறைத்தது. கணவர் நிதானமாக மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஓகே சொல்ல மாட்டேன் என்று எழுதி, அவர் அடித்ததையும் பெட்டி காட்டியதையும் அப்படியே ஒட்டி அனுப்பினேன். லீட் உடனே கூப்பிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"இதை அடிச்சது யாரு மேடம்?"

"எங்க வீட்டுக்காரர். மைன்ஸ்ல பெல்ட்டுலதான் வேலை."

அவர் இன்னொரு ஃபோனில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது.

"இதே கோடு வடக்க ஒரு சுரங்கத்துல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு. நம்பர் போட்டது அவங்க பெல்ட் ஆளுங்கதான்."

"பெல்ட்டை நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், யாரும் எடுக்கல. ஷிஃப்ட் மாறுற நேரம்."

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓடும் பெல்ட்டின் ஓரமாக எத்தனை பேர் வரிசையாக நடப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.