கேள்வி கேட்காத சர்வர்

கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பிழைக்கும் என் இனத்தாரே, நம் வேலையில் பாதி நேரம் நீளமான கட்டளைகளுக்குச் சுருக்கப்பெயர் வைப்பதில் போகிறது. மீதி நேரம், எந்தப் பெயரை எதற்கு வைத்தோம் என்று தேடுவதில்.

தொணதொணப்பு

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய சர்வரில் rm என்ற அழிக்கும் கட்டளையைத் தட்டினால், ஒவ்வொரு கோப்புக்கும் அழிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். அது rm-இன் குணமில்லை. rm என்றாலே 'கேட்டுவிட்டு அழி' என்று ஆக்கிவைத்த, சர்வரோடு கூடவே வந்த ஒரு சுருக்கப்பெயரின் வேலை. அந்தத் தொணதொணப்பையே நான் வசதியாக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் அழி என்பேன். வேண்டிய கோப்பு வரும்போது மட்டும் வேண்டாம் என்பேன்.

பக்கத்து இருக்கை மஞ்சுநாத் அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்கே நெருப்பு வெச்சுட்டு, பீரோ மட்டும் வேணாம்னு சொல்ற மாதிரி இருக்குது மேடம்."

டீ

அவர் மட்டும் என்ன ஒழுங்கு? லேத் இயந்திரங்களின் புரோகிராம்களை சர்வரிலிருந்து தன் கணினிக்கு நகலெடுக்கும் நீண்ட கட்டளைக்கு அவர் வைத்திருந்த பெயர் tea. கேன்டீனுக்குக் கிளம்புமுன் அதைத் தட்டிவிட்டுப் போவார். இதெல்லாம் ஒரு பெயரா என்று வகுப்பெடுத்தேன்.

"டீயை நான் மறந்த நாளே இல்ல மேடம்."

புது சர்வர்

புது சர்வர் வந்தது. கேள்வி கேட்கும் அந்தச் சுருக்கப்பெயர் அதில் இல்லை. நான் பார்க்கவும் இல்லை. லேத் பிரிவு இர்ஃபான் பாய் எழுதிய புரோகிராம்களோடு பழைய குப்பையும் சேர்ந்து கிடந்தது. கூட்டித் தள்ளலாம் என்று, வழக்கம்போல எல்லாவற்றையும் அழி என்றேன். கேள்வியே வரவில்லை.

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் மாதிரிப் பாகத்தைப் பார்க்க வருகிறார். புரோகிராம் இல்லாமல் லேத் ஓடாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போய்ச் சொன்னேன். பாய் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா எழுதினதும்மா."

கேன்டீனிலிருந்து

வாயைத் துடைத்துக்கொண்டே வந்த மஞ்சுநாத், விஷயத்தைக் கேட்டதும் தன் கணினியைத் திறந்தார். கிளம்புமுன் tea தட்டியிருக்கிறார். நான் அழிப்பதற்குள் நகல் முடிந்துவிட்டது. எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூன்று மணிக்கு லேத் ஓடியது. வாடிக்கையாளர் மாதிரியைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

இர்ஃபான் பாய் மஞ்சுநாத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏம்மா, இந்தாளு தெனம் நாலு டீ குடிக்கட்டும், ஒண்ணும் சொல்லாத."

இப்போது எங்கள் சர்வர்கள் எல்லாவற்றிலும், கேள்வி கேட்கும் rm-ஐ நானே எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில், வகுப்பெடுத்த வாயை மூடிக்கொண்டு, tea-யையும்.