முதலில் இறங்க வேண்டிய சாமான்

பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைப் பற்றியும் ஒருநாள் யாராவது எழுதுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மச்சினியைப் பற்றி எழுதத்தான் ஆள் வரமாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியிருந்தால் யாருடைய லாரிக்கோ பில் எழுதிக்கொண்டிருப்பேன். தாண்டாத காரணத்தால் இன்று லாரிகள் என் பெயரில் ஓடுகின்றன. வீடு மாறுகிறவர்களின் சாமானைக் கட்டி, ஏற்றி, கொண்டுபோய் இறக்கிக் கொடுப்பது என் தொழில். எந்த மாடிப்படியில் எந்த பீரோ திரும்பும், எதில் இடிக்கும் என்று படியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். டேப் வைத்து அளக்கிறவர்கள் அளந்துகொள்ளட்டும்.

மச்சினி என் மனைவியின் கடைசித் தங்கை. எங்கள் கல்யாணத்தின்போது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. முதல் பந்தியில் யார் யாரை உட்காரவைப்பது, யாரை விட்டால் யார் கோபித்துக்கொள்வார் என்று பெரியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். "பசிக்கிறவங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று.

வளர்ந்து அவள் பார்த்த வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில், எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று திட்டம் போடுகிற வேலை. குடும்பத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. "அவ என்ன வேலைதான் பாக்குறா?" என்று யாராவது கேட்டால், "சுவத்துல கலர் காகிதம் ஒட்டுறா, மாசமானா சம்பளம் வாங்குறா" என்பாள் என் மனைவி.

அந்தக் கம்பெனி எங்கள் ஊர்க் கிளையை மூடியது. மச்சினி தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். அதே சமயம் தூரத்து நகரத்திலிருந்து ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. பள்ளி விடுமுறைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். மாமியாருக்கு முழங்கால் மடங்காது. ஆனால் இருமல் சத்தத்தை வைத்தே தெருவில் போவது யார் என்று சொல்லிவிடுவார். அந்தத் தெருவை விட்டு அவரைப் பெயர்ப்பது என்பது என் பெரிய லாரியாலும் ஆகாத காரியம்.

வீடு மாறுகிறவர்கள் போனிலேயே எங்களைப் பிடிக்கிற மாதிரி ஒரு ஆப் செய்யும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். சொந்தக்காரி என்பதால் கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த மற்றவர்கள் எல்லாம், "சார், உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டார்கள். இவள் ஒருத்திதான், "வீடு மாத்தணும்னு முடிவு பண்ணவங்க மறுநாள் காலையில எழுந்து முதல்ல என்ன மாமா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். ஆளை எடைபோடுவதில் நான் தவறியதில்லை.

வீடு மாறும் காலமே பள்ளி விடுமுறைதான். அதற்கு முன்னால் ஆப் ஓட ஆரம்பித்துவிட்டால், அதைப் பார்த்துவிட்டு வேலை தருகிறோம் என்று வேறு இரண்டு கடைக்காரர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஓடாவிட்டால் அவள் தூரத்து நகரத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு மனைவி சொல்லித் தெரியும். மச்சினி வாய் திறக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் சுவரை அவள் பிடித்துக்கொண்டாள். மேலே ஒரு வரிசை மஞ்சள் சீட்டு: விலை கேட்பது, தேதி பிடிப்பது, கட்டுவது, ஏற்றுவது, வழியில் போவது, இறக்குவது, எல்லாம் வந்ததா என்று பார்ப்பது. இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு மனிதர் வீடு மாறும் கதை. ஒவ்வொரு மஞ்சள் சீட்டுக்கும் கீழே, அந்தக் கட்டத்தில் ஆப் அவருக்கு என்னென்ன செய்துதர வேண்டும் என்று பச்சைச் சீட்டுகள். அவற்றின் நடுவே சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சிவப்பு டேப்.

"கோட்டுக்கு மேல இருக்கிறதை முதல்ல செஞ்சு வெளிய விடுவோம். கீழ இருக்கிறது அடுத்த தடவை. யாருக்கு என்ன தோணுதோ எழுதி ஒட்டுங்க" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. மறுநாள் காலையில் பார்த்தால் சிவப்பு டேப்புக்குக் கீழே ஒரு சீட்டு இல்லை. எல்லாம் மேலே ஏறி, ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன. டிரைவர்களுக்கு மூத்தவர், நாங்கள் ஹாரன் என்று கூப்பிடுகிறவர், லாரி எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டும் தன் சீட்டைக் கூரையோரம் ஏற்றியிருந்தார். பேக்கிங் பகுதியின் தலைவி டேப் அக்கா. வளையல் போட வேண்டிய இடத்தில் எப்போதும் டேப் உருளை மாட்டியிருப்பாள். சாமான் ஒவ்வொன்றையும் போட்டோ பிடிக்கும் தன் சீட்டை அவள் அதற்கும் மேலே ஒட்டியிருந்தாள்.

"நான் டேப்புக்குக் கீழயா? லாரி இல்லாம உன் அட்டைப்பெட்டி நடந்தே போயிடுமா?" என்றார் ஹாரன்.

"நான் கட்டிக் குடுக்கலன்னா உன் லாரியில என்னத்தய்யா ஏத்துவ, காத்தையா?"

இத்தனைக்கும் மேலே, நாற்காலி போட்டு ஏறி நான் ஒட்டிய சீட்டு இருந்தது: 'முதலாளியின் வாழ்க்கை வரலாறு, படத்துடன்.' ஆபீஸே என்னுடையது. என் சீட்டு வேறு எங்கே இருக்கும்?

மச்சினி சுவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எல்லாமே முதல்ல வேணும்னா, விடுமுறை முடிஞ்சப்புறம்தான் முதல்ல வரும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? பெரியவங்க சீட்டைக் கீழ இறக்குனா மனசு நோகாதா?"

"மேல, கீழன்னா பெரியவங்க சின்னவங்கன்னு அர்த்தம் இல்ல மாமா. எது முந்தி, எது பிந்திங்கிறதுதான்."

"அது உனக்குத் தெரியுது. சுவத்துக்குத் தெரியுதா?" என்றேன். நல்ல கேள்விதான் கேட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவள் கீழே முற்றத்துக்கு இறங்கிப் போனாள். அங்கே ஒரு குடும்பத்தின் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஷோகேஸ் ஏற்கனவே உள்ளே போய்விட்டது. கடைசியாகப் படுக்கை, வாளி, பல்பு வைத்த பை, அடுப்பு என்று போய்க்கொண்டிருந்தன.

"ஏண்ணே, இதெல்லாம் கடைசியில ஏத்துறீங்க?" என்று ஹாரனைக் கேட்டாள்.

"கடைசியில ஏறுனாத்தானே தங்கச்சி முதல்ல இறங்கும்? போய்ச் சேர்ந்ததும் படுக்கணும், குளிக்கணும், ஒரு வாய் சமைக்கணும். அதெல்லாம் கதவுப் பக்கம்."

"அப்ப ஷோகேஸ்?"

"அது உள்ள, கேபின் ஓரமா. நல்லாச் சுத்திக் கட்டி, மரியாதையா வரும்."

மறுநாள் நான் போனபோது சுவர் காலியாக இருந்தது. எல்லோரும் குடோனில் இருந்தார்கள். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய லாரி வரைந்திருந்தாள். கதவு எங்கள் பக்கம், கேபின் கடைசிச் சுவர்ப் பக்கம். மஞ்சள் சீட்டுகளைக் கதவுக்கு வெளியே தரையில் வரிசையாகப் பரப்பியிருந்தாள். பச்சைச் சீட்டுகள் அவரவர் கையில்.

"இது நம்ம லாரி. வீடு மாறுறவங்களுக்கு முதல் நாள் எது இல்லாம முடியாதோ, அது கதவுப் பக்கம். மத்ததெல்லாம் உள்ள. இந்த மஞ்சச் சீட்டு ஒவ்வொண்ணுக்கும் நேரா கதவுப் பக்கம் ஒரு சாமானாவது இருக்கணும். படுக்கை மட்டும் வந்து விளக்கு வரலன்னா அது வீடாகாது."

"யாரு வீடு மாறுறாங்க? அதைச் சொல்லு" என்றாள் டேப் அக்கா.

"ஒரு பொண்ணு. வயசான அம்மா, முழங்கால் வலி. அம்மாகிட்ட ஒரு தையல் மெஷின் இருக்கு, யாரையும் தொட விடமாட்டாங்க. இதுவரைக்கும் வீடே மாறினதில்ல. பயமா இருக்கு."

கதை போல மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தையல் மெஷினை எனக்குத் தெரியும். ஒருமுறை அவர்கள் வீட்டு மாடிக்கு அதைச் சுமந்து ஏற்றியவன் நான்தான். பின்னாலேயே மாமியார், "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே வந்தார்.

குடோன் மூலையில் மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிக் கட்டு ஒன்று சாய்ந்திருந்தது. மேல் அட்டையில் 'அம்மா பாத்திரம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து மச்சினியுடையது. டேப் அக்காவைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"தங்கச்சிதான் வாங்கி வெச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுச்சு" என்றாள்.

என் கையில் என் சீட்டு இருந்தது. கதவுப் பக்கம் வைத்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். மாமியார் பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிற அன்றைக்கு, நான் எந்த வருஷம் முதல் லாரி வாங்கினேன் என்பது அவருக்கு எதற்கு? செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்பீஸ் லாரிக்குள் நடந்தேன். கேபின் ஓரம் வரைக்கும் போய்க் குனிந்து சீட்டை வைத்தேன்.

"ஷோகேஸ். நல்லாச் சுத்திக் கட்டுங்கப்பா" என்றேன்.

முதலாளியே உள்ளே போனபிறகு வேறு யார் வெளியே நிற்பது? இதைத்தான் தலைமை என்பார்கள். ஹாரன் வரைபடத்தைக் கேபின் ஓரம் தள்ளிவிட்டு, 'லாரி கிளம்பிவிட்டது' என்று ஒரு வரி செய்தி போகும் சீட்டைக் கதவில் வைத்தார். டேப் அக்கா போட்டோவை உள்ளே அனுப்பிவிட்டு, 'உடையும் சாமான் இருக்கிறதா?' என்ற ஒற்றைக் கேள்வியை வைத்தாள்.

மச்சினி கதவோரமாக நடந்துபோய், கடைசி மஞ்சள் சீட்டில் நின்றாள். அதற்கு நேராக எதுவும் இல்லை.

"எல்லாம் வந்துச்சான்னு பாக்க வேணாமா? இறக்கிப் போட்டுட்டு ஓடிடுவோமா?"

"அதுதான்யா உன் பழக்கம்" என்றாள் டேப் அக்கா ஹாரனைப் பார்த்து. குடோனே சிரித்தது. ஹாரன் வெட்கத்தோடு, எத்தனை பெட்டி ஏறியது, எத்தனை இறங்கியது என்று எண்ணிப் பார்க்கும் சீட்டை எழுதிக் கொண்டுவந்து வைத்தார்.

விடுமுறை தொடங்கும் முன்பே ஆப் வெளியே வந்தது. பார்ப்பதற்கு மொட்டையாகத்தான் இருந்தது. "இதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா? தேடுனா நாலு பட்டன் இருக்கு" என்றாள் என் மனைவி. ஆனால் அந்த நாலு பட்டனை அழுத்தி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விலை கேட்டதிலிருந்து பெட்டியை எண்ணி முடித்தது வரை எங்கும் அறுந்துபோகவில்லை. லிஃப்ட் உண்டா என்று கேட்க மறந்திருந்தோம். எங்கள் ஆட்கள் ஒரு ஃபிரிட்ஜை முதுகிலேயே மாடிக்கு ஏற்றி, படிக்கு ஒன்றாக என்னைத் திட்டினார்கள். மச்சினி அதை உடனே ஒரு சீட்டில் எழுதிக் கதவுப் பக்கம் வைத்தாள். வேலை தருவதாகச் சொல்லியிருந்த கடைக்காரர்கள் இருவரும் வந்து பார்த்தார்கள், வேலையும் கொடுத்தார்கள்.

தூரத்து நகரத்துக்கு என்ன பதில் போயிற்று என்று நான் கேட்கவில்லை. விடுமுறை முடிந்து ஒரு நாள் அவள் குடோனுக்கு வந்தாள். மூலையிலிருந்த அட்டைப்பெட்டிக் கட்டை இழுத்துப்போட்டு, டேப் அக்காவின் கத்தியை வாங்கி, அட்டையைத் துண்டு துண்டாக நறுக்க ஆரம்பித்தாள்.

"நல்ல பெட்டிம்மா, எதுக்கு வெட்டுற?" என்றேன்.

"அடுத்த லோடுக்குச் சீட்டு வேணும் மாமா. காகிதம் லாரிக் காத்துக்குப் பறக்குது."

'அம்மா பாத்திரம்' என்று எழுதியிருந்த அட்டை நாலு சீட்டாக ஆனது. அதில் ஒன்றைத் திருப்பி ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள். 'மாமா படம்.'

"ஷோகேஸ் உள்ளேயே எவ்வளவு நாள் இருக்கும்? நீங்களே பாத்து வைங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டுபோய், சாக்பீஸ் லாரியின் நட்டநடுவில் வைத்தேன்.