டேனி போட்ட பதில்

சௌமியாவுக்கு வேண்டாத வேலை ஒன்று உண்டு. ஓசூர் சிப்காட்டில் வாரம் ஆறு நாள் உழைத்தது போதாதென்று, யாரோ எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு அம்போவென்று விட்டுப்போன கம்ப்யூட்டர் நிரல்களை எடுத்துப் பழுது பார்ப்பாள். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் உலகம் முழுவதிலிருந்தும் வரும். இந்தப் பைத்தியத்தை அவளுக்குத் தொற்றவைத்தவன் கூட வேலை பார்த்த டேனி. எட்டு மாதத்துக்கு முன் கிருஷ்ணகிரி சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான்.

அவன் எழுதிய நிரல் ஒன்று, குளிர்பெட்டியில் வெப்பநிலை மாறினால் மணி அடிக்கும். தளிப் பக்கம் ரோஜா வைக்கும் குளிர் அறைகளுக்காக எழுதியது, எங்கெங்கோ தடுப்பூசிப் பெட்டிகள் வரை போய்விட்டது. அதில் ஒரு பிழை. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்காது. உறைந்துபோன மருந்து பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், குழந்தைக்குப் போட்டால் பயன் இருக்காது. சௌமியா எச்சரிக்கை எழுதிப் போட்டாள். யார் படிக்கிறார்கள்? திருத்தமும் தயார், வெளியிடும் உரிமை மட்டும் டேனி பெயரில் இருந்தது. நிரல் இருக்கும் இணையதளத்தின் விதிப்படி, உரியவருக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதி, நான்கு வாரம் பதில் இல்லையென்றால்தான் நிரல் அடுத்தவர் கைக்கு வரும்.

எழுதினாள். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில்தான் இருந்தது, அவள் காதில் அவன் குரலிலேயே விழுந்தது.

“பாத்துட்டேன். ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சதும் செஞ்சிடறேன். டேனி.”

தானாகப் பதில் போக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்திருக்கிறான் என்று புத்திக்குப் புரிந்தும் அதை மறுபடி மறுபடி படித்தாள். அவன் இறந்துவிட்டான் என்று அந்தத் தளத்தின் நிர்வாகிகளுக்கு எழுதினாள். “பதில் போடுகிறாரே?” என்று கேட்டார்கள்.

டேனியின் அம்மா ஜெபசீலியிடம் போனாள். மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“ஆன்ட்டி, அத நிறுத்தணும்” என்று காரணத்தைச் சொன்னாள்.

“நீ எழுதுனா அவன் பதில் போடறானா?”

“அவன் இல்ல ஆன்ட்டி, மெஷின் போடுது.”

“தெரியும் கண்ணு. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. சாப்ட்டியான்னு கேளு.”

எழுதினாள். வந்த அதே பதிலைத் தமிழில் படித்துக் காட்டினாள். ஜெபசீலி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரே போய் ப்ளக்கைப் பிடுங்கினார்.

மறுபடி எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் நான்கு வாரம் கழிந்ததும் நிரல் சௌமியாவின் கைக்கு வந்தது. திருத்தத்தை வெளியிட்டாள். பிறகு டேனிக்கு, “செஞ்சாச்சு” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் ஆனது. பிறகு இன்னொரு நிமிடம்.