திரும்பி வராத ஸ்டியரிங்

போன வாரம் பபேடான் கடைத்தெருவில் மழைக்குப் பயந்து ஒரு டாக்சியில் ஏறினேன். நேர்ச்சாலையிலேயே ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொட்டில் ஆட்டுவதுபோல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வந்தார். “டை ராடு தேய்ந்திருக்கு, பாருங்க” என்று பர்மியில் சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். குடையும் காய்கறிப் பையுமாக உட்கார்ந்திருக்கும் பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிற பார்வை. எனக்குப் பழகிய பார்வைதான். அதை முதலில் என்மேல் வீசியவர் என் மச்சாண்டார், வீட்டுக்காரரின் அண்ணன்.

அப்போது தின்கன்ஜூனில் ஒரே வீடு. மாடியில் அவர் குடும்பம், கீழே நான். வீட்டுக்காரர் கப்பலில் வேலை, எப்போதாவது வருவார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பை வாங்கி, பின்னால் கூரையும் இரண்டு நீளப் பெஞ்சும் போட்டு, ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ‘ஃபெரி’யாக விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஃபெரி என்றால் ஆற்றில் போவது மட்டுமல்ல, வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டியும்தான். ஓட்டுநர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டார். மச்சாண்டாருக்கு வண்டி ஓட்டத் தெரியும், காலையில் எழுந்திருக்கத்தான் தெரியாது. சாவியை நான் எடுத்தேன்.

விடிந்ததும் அந்தப் பெண்கள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்த ஈரப் பூச்சோடு ஏறுவார்கள். இன்றைக்கும் தனாக்கா வாசம் வந்தால் மற்றவர்களுக்குக் கோயிலும் பூவும் நினைவுக்கு வரலாம். எனக்குக் கிளட்ச்தான் நினைவுக்கு வரும். அவ்வளவு அழகான ஞாபகசக்தி.

வண்டியின் குறை முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். பள்ளத்தில் விழுந்தால் தானாகவே இடப்பக்கம் துள்ளும். மாடிப்படியில் நின்று மச்சாண்டாரிடம் சொன்னேன்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. கைதான் சரியில்ல” என்றார்.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஸ்பேனரோடு இறங்கி ஏதோ செய்தார். மறுநாள் ஸ்டியரிங் ஊறுகாய் ஜாடி மூடிபோல இறுகியிருந்தது. வளைவில் திருப்பினால் திரும்பிய இடத்திலேயே நிற்கும். வலுக்கட்டாயமாக இழுத்துத்தான் நேராக்க வேண்டும்.

“பெரியத்தான், திருப்புனா திரும்பி வரமாட்டேங்குது.”

“லூசுன்ன, டைட் பண்ணேன். இப்ப டைட்டுங்கிற. உனக்கு என்னதாம்மா வேணும்?”

எனக்கு வேண்டியது என்ன என்று கேட்ட ஒரே தடவை அதுதான். பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

மழைக்காலக் காலை ஒன்றில், ஃபேக்டரிக்குத் திரும்பும் வளைவில், எதிரே ஒரு சைக்கா, ஆள் ஏற்றும் சைக்கிள் ரிக்‌ஷா, குறுக்கே வந்தது. ஒடித்தேன். ஸ்டியரிங் ஒடித்தபடியே நின்றுவிட்டது. இரு கையாலும் இழுப்பதற்குள் முன்சக்கரம் சாக்கடையில் இறங்கி வண்டி சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த மா சான் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. தையல்காரிக்கு அதைவிட மோசமாக எது முறிய முடியும்?

மச்சாண்டார் வந்தார். எல்லாப் பெண்களும் கேட்கும்படி, பர்மியில், “பொம்பளை கை சரியில்லை, அதில் சாவியைக் கொடுத்தது என் புத்தி” என்றார். ஆஸ்பத்திரி பெஞ்சில் மா சான் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பெண்கள் என் வண்டியைத் தாண்டி நடந்து பஸ்ஸுக்குப் போனார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

தெருமுனையில் கோ மியோவின் பட்டறை. பெயர்தான் பர்மியப் பெயர், எங்கள் ஆள். பேச்சு மட்டும் பாதி பர்மி, அக்காவென்று சொல்லாமல் ‘அமா’ என்பான். வண்டியை அங்கே நிறுத்தி, குறை எங்கே என்று பார்க்கச் சொன்னேன்.

“அண்ணன் திட்டுவாரு, அமா.”

“நான் அவரைவிட நல்லாத் திட்டுவேன். ஏறி உட்காரு.”

டயர்களின் காற்றைச் சமப்படுத்தினோம். பலனில்லை. பிறகு அவன் ஸ்டியரிங்கை ஆட்ட, நான் லோன்ஜியை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையில் இருக்கும் குண்டு, ஆடும் பல்லைப்போலத் தன் குழிக்குள் துள்ளியது. அது துள்ளி முடித்த பிறகே சக்கரம் அசைந்தது. ராடைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் ஸ்டியரிங்கின் கியர் பெட்டி நடுவில் பிடித்துக்கொண்டது. பெட்டியின் மேல் ஒரு திருகு. கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ஸ்பேனர் வழுக்கிய புதுக் கீறல்கள் பளபளத்தன.

“நோவு முட்டியில, கட்டுப் போட்டது தோள்ல” என்றான் கோ மியோ.

எதையும் மாற்றாதே என்று சொல்லி ராடை மட்டும் திரும்ப மாட்டவைத்தேன். மச்சாண்டாரையும் அந்தப் பெண்களையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். மா சான் மாவுக்கட்டோடு வந்தாள்.

“படுத்துப் பாருங்க” என்றேன் மச்சாண்டாரிடம்.

அவர் சட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். மா சான்தான் முன்னால் வந்து, கட்டுப்போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்தாள். கோ மியோ ஆட்டினான். துள்ளும் குண்டையும் முறுக்கிய திருகையும் நான் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். எழுந்து, முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல், மாவுக்கட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

“யாருடைய கை சரியில்லை?”

“பழைய வண்டின்னா அப்படித்தான்” என்று தமிழில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முனைகள் இரண்டையும் மாற்றினோம், திருகைத் தளர்த்தினோம், முன்சக்கரங்களுக்கு நூல் பிடித்து நேர் பார்த்தோம். அதே வளைவில் போய்த் திருப்பிக் கையைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கித் தானாக நேருக்கு வந்தது. தனியாகத்தான் இருந்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் பெண்கள் ஏறினார்கள். மா சானின் விரல்கள் மட்டும் பழைய வேகத்துக்கு வரவில்லை. ஃபேக்டரியில் அவளை மெஷினிலிருந்து எடுத்துத் துணி மடிக்கும் பகுதியில் போட்டார்கள்.

மச்சாண்டாரும் நானும் அதன்பின் பேசவில்லை. தீபாவளிக்கு மாடியிலிருந்து பலகாரம் இறங்கும். பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகவே மேலே அனுப்புவேன். அப்படி அனுப்பக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

இப்போது அந்த ஃபேக்டரி வாசலில் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. பெண்கள் தாய்லாந்துக்கும் அவரவர் ஊருக்கும் கலைந்துவிட்டார்கள். மா சான் எல்லை தாண்டிய பிறகு சேதியில்லை. கோ மியோவின் பட்டறையில் செல்ஃபோன் விற்கிறார்கள். பிக்கப்பை நாட்டின் வடக்குப் பக்கம் யாரோ வாங்கிப் போனார்கள். வீட்டை விற்றாயிற்று. மச்சாண்டார் சென்னையில் மகனோடு இருக்கிறார்.

அண்மையில் அந்த மகன் ஃபோனில், “சித்தி, அந்தக் காலத்துல பிக்கப் ஸ்டியரிங்க அப்பாவே படுத்துச் சரி பண்ணுனாராமே? இங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு” என்றான்.

“ஃபோனை அப்பாகிட்ட குடு” என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. அப்பா தூங்கிவிட்டார் என்றான். பகல் பதினோரு மணி. அவர் சரி பண்ணவில்லை என்று சொல்ல இந்த ஊரில் இன்னும் நான் ஒருத்தி இருக்கிறேன். ஆமாம், நான் சொல்வது உண்மை என்று எனக்குச் சாட்சி சொல்லத்தான் ஒருவரும் இல்லை.